மனு வரவில்லை என்றால் அடி விழவில்லை என்று அர்த்தமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்தாவது படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பும் பொம்மை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

போன வாரம் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. எந்த அலுவலகம், யார் தலைமை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். குடும்பத்தில் அடி, உதை, சித்திரவதைக்கு ஆளாகும் பெண்களுக்கு உதவி செய்ய வட்ட அளவில் ஒரு ஆலோசனை மையம் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வதற்கான கூட்டம். 'உள்ளூர்த் தேவை மதிப்பீடு' என்று தாளில் அச்சடித்திருந்தார்கள். மகளிர் குழுக்களின் கணக்கு நோட்டைச் சரிபார்த்துக் கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்தது.

போனேன். டீ, மிக்சர் கொடுத்தார்கள். ஒரு தாளை வாசித்தார்கள். நம் பகுதியிலிருந்து ஒரு வருடத்தில் வந்த மனுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். குழுப் பெண்களை வைத்து வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் 'இல்லை' என்றே பதில் வந்திருக்கிறதாம். ஆகவே தனி மையத்துக்கு 'தேவை எழவில்லை'. ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டால் போதும்.

பக்கத்தில் இருந்த அண்ணாச்சி ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நம்ம பக்கம் குடும்பம்னா ஒரு கட்டுப்பாடு உண்டு டீச்சர்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து பேசினேன். "நேரமாச்சு, எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுதியும் கொடுத்துவிட்டேன். அது எந்தக் கோப்பில் படுத்திருக்கிறதோ. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்று விசாரித்தேன். படிவத்தில் வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், அதன் கீழே கேள்வி: 'உங்கள் வீட்டில் குடும்ப வன்முறை உள்ளதா? ஆம் / இல்லை.' கடைசியில் கையெழுத்து. கேட்கப் போனது அதே தெருவைச் சேர்ந்த பெண். கேட்ட இடம் வாசல் திண்ணை. பக்கத்தில் மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார். புருஷன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள், எந்த மருமகள் 'ஆம்' என்று டிக் போட்டுக் கையெழுத்தும் போடுவாள்?

நான் 35 வருடம் இடைநிலை ஆசிரியராக வேலை பார்த்தவள். படித்தது இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. பெரிய ஆராய்ச்சிப் பட்டமெல்லாம் இல்லை. ஆனால் கணக்கெடுப்பு என்றால் என்ன என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் வெயிலில் நடந்தவர்கள் நாங்கள்தான்.

பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது நான் கற்ற பாடம் ஒன்று. "உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற பிள்ளை உண்டா?" என்று வாசலில் நின்று கேட்டால், "இல்லையே" என்றுதான் எங்கள் கரிசல் ஊர்களில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதே வீட்டில் பின்கட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மூத்தவ காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பா?" என்று கேட்டால், "நாலரைக்கு எழுந்தாத்தான் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியப் பிடிக்க முடியும் டீச்சர்" என்று தானாக வரும். இரண்டும் ஒரே வீடு. கேள்விதான் வேறு, கேட்ட இடம்தான் வேறு.

இதை அரசாங்கம் அறியாமல் இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே விதி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும். தனிமை கிடைத்தால்தான் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். 'வன்முறை உண்டா' என்று மொட்டையாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, பிடித்துத் தள்ளினாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஏனென்றால் நம் பெண்களில் பலருக்கு அறை என்பது வன்முறைக் கணக்கிலேயே வராது. "அது கோபத்துல ஒண்ணு வைக்கிறதுதான டீச்சர்" என்பார்கள்.

அப்படி முறையாகக் கேட்டதில் என்ன வந்தது? 2019-21இல் எடுத்த ஐந்தாவது கணக்கெடுப்பில், 18 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களில் கணவனிடம் எப்போதாவது வன்முறையை அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். இந்திய சராசரி 29.3 சதவீதம்தான். படிப்பில், மருத்துவத்தில், தொழிலில் முன்னால் நிற்கிறோம் என்று மார்தட்டுகிற நாம் இதிலும் சராசரிக்கு முன்னால்தான் நிற்கிறோம்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். நாடு முழுவதும் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் ஏதாவது உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். 77 பேர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்களிலும் பெரும்பாலோர் போனது தாய்வீட்டுக்கும் சொந்தக்காரர்களிடமும்தான். காவல் நிலையம் வரை போனவர்கள் மிகக் கொஞ்சம்.

இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். ஓர் ஊராட்சியில் அந்த வயதில் மணமான பெண்கள் 500 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலக் கணக்கை அப்படியே போட்டால் 190 பேர் வரும். சரி, அண்ணாச்சி சொன்ன கட்டுப்பாட்டுக்காகப் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுகிறேன். 95 பேர். இதில் நூற்றுக்குப் பதினான்கு வீதம் உதவி தேடினால் 13 பேர். அந்த 13 பேரில் பெரும்பாலோர் தாய்வீட்டுக்குப் போய்விட்டால், அதிகாரியின் மேசைக்கு எத்தனை மனு வரும்? ஒன்றோ இரண்டோ.

அதாவது அடி விழுகிற ஊரிலிருந்தும் ஒன்றிரண்டு மனுதான் வரும், அடி விழாத ஊரிலிருந்தும் ஒன்றிரண்டு மனுதான் வரும். மனு எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அப்படியிருக்க, எதை வைத்து 'தேவை எழவில்லை' என்று எழுதினீர்கள்?

"அப்படியானால் உங்கள் ஒன்றியத்துக்கான எண்ணைக் கொடுங்கள் டீச்சர்" என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எண் இல்லை. தேசியக் கணக்கெடுப்பின் இந்தப் பகுதியை மாநில அளவுக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள். மாவட்டங்களுக்கு என்று தனித்தனியாக வெளியிடும் அறிக்கைகளில் இந்த வரியே கிடையாது. சோகை எத்தனை, தடுப்பூசி எத்தனை என்பது நம் மாவட்டத்துக்கு இருக்கிறது. அடி வாங்குகிற பெண்கள் எத்தனை பேர் என்பது இல்லை. எண் இல்லாததற்குக் காரணம் எண்ணாததுதான். அதற்குத் தண்டனை அந்தப் பெண்களுக்கா?

சரி, மனு ஏன் வரவில்லை? ஒரு பெண்ணின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

மையம் இருப்பது மாவட்டத் தலைநகரில். ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போய்விடலாம். அதற்கப்புறம் ஏற வேண்டிய பஸ்ஸுக்குக் காசு வேண்டும். எங்கள் பக்கம் கட்டை அடுக்கிற வேலை, பண்டல் போடுகிற வேலை எல்லாம் எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாளின் காசு போச்சு. எங்கே போனாய் என்று கேள்வி வரும். சாயங்காலம் சின்னது பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்ப வேண்டும். அடி விழுவது பெரும்பாலும் ராத்திரி. கடைசி பஸ் போன பிறகு.

காவல் நிலையம் போகலாமே என்பீர்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தை 1992இலேயே தொடங்கிய மாநிலம் நம்முடையது. பெருமைதான். ஆனால் அங்கே போன பெண்களைக் கேட்டுப் பாருங்கள். மனு வாங்குவார்கள், ரசீது கொடுப்பார்கள், இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள், 'இனி இப்படி நடந்துகொள்ள மாட்டேன்' என்று எழுதி வாங்கி அனுப்பி வைப்பார்கள். வழக்காகப் பதிவாகாவிட்டால் அது குற்றக் கணக்கிலும் ஏறாது. வெளியே வந்து பைக்கில் ஏறும்போதே அவன் கேட்பான், "என்னைய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டேல்ல?" அதற்கப்புறம் அவள் இன்னொரு மனு எழுதுவாளா?

எங்களிடம் வருகிற பெண்களில் பெரும்பாலோர் புருஷனை ஜெயிலில் போடச் சொல்லி வருவதில்லை. "அடிக்காம இருக்கச் சொல்லுங்க டீச்சர், வீட்டை விட்டுத் தொரத்தாம இருக்கச் சொல்லுங்க" என்றுதான் கேட்கிறார்கள். இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது என்று சொல்கிற சட்டம். அடிக்காதே, நெருங்காதே, செலவுக்குப் பணம் கொடு என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டம் வைத்திருக்கும் இலக்கு. அந்த உத்தரவை அவன் மீறினால்தான் சிறைத் தண்டனை என்ற பேச்சு. இந்த வழியில் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். சம்பவ அறிக்கை எழுதுவது, மனு தயாரிக்க உதவுவது, மருத்துவமனைக்கும் தங்குமிடத்துக்கும் அனுப்புவது எல்லாம் அவர் கடமை.

கூட்டத்தில் இருந்த குழுத் தலைவிகளிடம் கேட்டேன், "நம்ம பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தவங்க கை தூக்குங்க." ஒரு கைகூட எழவில்லை. ஒரு பிள்ளை மட்டும் மெதுவாகக் கேட்டது: "அப்படி ஒரு ஆபீசர் இருக்காகளா டீச்சர்?" சட்டம் வந்து இருபது வருடம் ஆகப்போகிறது.

அந்த அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாவட்டத்தையே ஒருவர் தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார்? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: மாவட்ட அளவில் மட்டும் போதாது, வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமியுங்கள் என்று. ஆக, வட்ட அளவில் தேவை உண்டா இல்லையா என்ற கேள்வி தீர்ந்த கேள்வி. எத்தனை பேர், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதைத்தான் இப்போது மதிப்பிட வேண்டும்.

எதிர்ப்பேச்சுகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கமென்டில் எப்படியும் வரத்தான் போகிறது.

"குடிதான் காரணம், டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் சரியாகிவிடும்." மூடினால் முதல் ஆளாக இனிப்பு கொடுப்பேன். ஆனால் குடித்துவிட்டு வருகிறவன் டீக்கடைக்காரரை அடிப்பதில்லை, இன்ஸ்பெக்டரை அடிப்பதில்லை. நேராக வீட்டுக்கு வந்து பெண்டாட்டியைத்தான் அடிக்கிறான். போதையிலும் ஆள் பார்த்து அடிக்கத் தெரிகிறது. அதோடு, சொட்டுக் குடிக்காமல், திருநீறு பூசிக்கொண்டு அடிக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். அதில் சம்பளம் வாங்குகிற வாத்தியார்களும் உண்டு.

"பெண்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்." பொய்வழக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் ஒரே கூட்டத்தில் 'மனுவே வரவில்லை' என்றும் 'மனுவைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்' என்றும் இரண்டையும் சொல்லாதீர்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வோம்." பேசினீர்கள். எத்தனை வருடம் பேசினீர்கள்! "நீ வாயைக் குறை, நீ கையைக் குறை" என்று இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினீர்கள். வாயும் கையும் ஒன்றா?

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றையும் சொல்கிறேன். இவ்வளவு பேசுகிற நானும் ஒருத்தியைத் திருப்பி அனுப்பியவள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். என் நான்காம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு குடி, திங்கள்கிழமை அவன் வரமாட்டான். வந்தாலும் வகுப்பில் தூங்குவான். சாயங்காலம் மணி அடித்தால் எல்லாப் பிள்ளையும் ஓடும், இவன் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். பொறுப்பான பையன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகப் பயந்தவன் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு அவன் அம்மா கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்கையில் வீக்கம். "டீச்சர், இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் ஒங்க திண்ணையில படுத்துக்கிடட்டுமா?" என்றாள்.

எனக்குப் பயம். வாடகை வீடு, வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, அவள் புருஷன் வந்து சத்தம் போட்டால் ஊர் என்ன பேசுமோ. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோம்மா, காலையில பேசிக்கலாம்" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் குழம்பும் சோறும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் கிண்ணத்தை மறுநாள் கழுவிக் கொடுத்தனுப்பினாள். காலையில் நானும் எதுவும் பேசவில்லை.

கொஞ்ச நாளில் அந்தப் பையன் பள்ளிக்கூடம் வருவது நின்றது. அம்மாவும் பிள்ளைகளும் ஊரில் இல்லை. திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். பதிவேட்டில் பெயரை நீக்கக் காரணம் எழுத வேண்டும். 'குடும்பம் இடம்பெயர்ந்தது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வருடத்து ஆவணங்களைப் பார்த்தால் எங்கள் ஊரில் குடும்ப வன்முறை பூஜ்யம். ஒரு இடைநிற்றல், காரணம் இடப்பெயர்ச்சி. அவ்வளவுதான். அந்தப் பூஜ்யத்தை எழுதிய கை என்னுடையது. அதனால்தான் அன்றைக்கு அந்தத் தாளை வாசித்தபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

முதலாவது, அந்தப் படிவங்களைத் தூக்கிப் போடுங்கள். வீட்டு எண்ணும் கையெழுத்தும் உள்ள தாள்கள் எங்கே கிடக்கின்றன? தப்பித்தவறி ஒருத்தி 'ஆம்' என்று போட்டிருந்தால், அது வெளியே தெரிந்தால் அவள் கதி என்ன? அவற்றைப் பூட்டி வைக்காதீர்கள், அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, திரும்பக் கேளுங்கள், முறையாகக் கேளுங்கள். பயிற்சி பெற்ற, வெளியூர்ப் பெண்கள் கேட்கட்டும். தனியாக இருக்கும்போது மட்டும் கேட்கட்டும். பெயர் வேண்டாம். கேட்பதற்கு முன், 'ஆம்' என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கே அவளை எங்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்துவிட்டுக் கேளுங்கள். வழி இல்லாமல் கேட்பது புண்ணைக் கிளறுவது.

மூன்றாவது, ஏற்கெனவே தெரிந்தவர்களைக் கேளுங்கள். கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'வழுக்கி விழுந்தது' என்று எழுதிக் கட்டுப் போடுகிறவர்களுக்குத் தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். திங்கள்கிழமை வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். பெயர் கேட்காமல் எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், சொல்வார்கள்.

நான்காவது, ஒரு தடவை உதவி கேட்டு வந்து, இரண்டாவது தடவை வராத பெண்களைத் தேடிப் போய், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். உங்கள் சேவையில் என்ன குறை என்று அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம், ஆனால் ஐந்து நாள் வரைதான். வளர்ந்த ஆண் பிள்ளையைத் தாயோடு தங்க வைக்க வயது வரம்பு உண்டு. பத்தாவது படிக்கிற மகனை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்? இது தேவையா இல்லையா?

ஐந்தாவது, மையம் கட்டப் பணம் இல்லை என்றால் கட்டிடம் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், தடுப்பூசி போடுகிற புதன்கிழமையாகவே இருக்கட்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அறையில் பாதுகாப்பு அலுவலரோ ஆலோசகரோ வந்து உட்காரட்டும். குழந்தைக்கு ஊசி போடப் போகிறேன் என்று சொன்னால் எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். ஆறு மாதம் உட்காருங்கள். அப்புறம் மனுவை எண்ணுங்கள்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இந்த ஐந்தாவது கோரிக்கையைத் தீர்மானமாக வைக்கப்போகிறேன். யாரையும் எழுந்து நின்று தன் கதையைச் சொல்லச் சொல்ல மாட்டேன். அது தப்பு. கை தூக்கினால் போதும். உங்கள் ஊர்க் கிராம சபையிலும் வையுங்கள். என்னிடம் படித்தவர்கள் இன்று வார்டு உறுப்பினர், வக்கீல், நர்ஸ், போலீஸ் என்று பல இடத்தில் இருக்கிறீர்கள். டீச்சருக்குச் சால்வை போர்த்த வேண்டாம். இதைச் செய்யுங்கள்.

இதைப் படிக்கிற தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. வழக்காட வக்கீல் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். பேசிய பிறகு போனில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். இந்தப் பதிவின் கீழே யாரும் உங்கள் கதையையோ அடுத்த வீட்டுக் கதையையோ பெயரோடு எழுதாதீர்கள், எழுதினால் நீக்கிவிடுவேன். சொல்ல வேண்டும் என்றால் நேரில் வாருங்கள். இப்போது இருப்பது சொந்த வீடு. ராத்திரி எத்தனை மணியானாலும் கதவைத் தட்டலாம்.